இருபத்துமூன்றாவது விசிறி

படகின் அடிப்பலகையில் காதை வைத்தேன். எண்ணெய் காய்ந்ததும் கடுகு பொரியுமே, அந்தச் சத்தம். ஓயாமல், எந்தப் பக்கமிருந்து என்று சொல்ல முடியாமல், கடல் முழுக்கப் பொரிந்துகொண்டிருந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது எனக்கு ஒரு காது கேட்பதில்லை. அந்தச் சத்தம் மட்டும் அந்தக் காதிலேயே தங்கிவிட்டது.

"சின்ன இறாலும்மா. கொடுக்கச் சொடுக்குது," என்றார் படகோட்டி நம்புராஜன். "இந்தச் சத்தம் கேட்டா அடியில பவளம் உசுரோட இருக்குன்னு அர்த்தம்."

மண்டபத்துக்குப் பக்கத்தில் சிறிய கடல் ஆய்வகம் ஒன்று இருந்தது. அங்கே நான் படம் வரைபவள். டாக்டர் ஹெப்சிபா நுண்ணோக்கியில் பார்ப்பதை நான் காகிதத்தில் வரைவேன். நான் சொல்லப்போவது அவரைப் பற்றியும் அவருடைய மாணவர் கோட்டைச்சாமியைப் பற்றியும்.

டாக்டருக்கு அப்போது முப்பத்தாறு வயது. நாகர்கோவில்காரர். மெல்லிய குரல். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அது தானாக வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும். கோட்டைச்சாமிக்கு நாற்பத்தேழு. இராமநாதபுரம் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். சனி ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறையிலும் ஆய்வகத்துக்கு வந்து முனைவர் பட்டத்துக்குப் படித்தார். தீவுகளைச் சுற்றி ஆழமில்லாத தண்ணீரில் வளரும் மென்பவளங்களையும் கடல் விசிறிகளையும் இனம் பிரித்துப் பட்டியல் போடுவது அவர் எடுத்துக்கொண்ட வேலை.

அவர் டாக்டரை மேடம் என்பார். டாக்டர் அவரைச் சார் என்பார். நம்புராஜனுக்கு இது தீராத வேடிக்கை.

"இவுக அவுகளச் சாருங்கிறாக. அவுக இவுகள மேடமுங்கிறாக. இதுல வாத்தியாரு யாரு, படிக்கிற புள்ள யாரு?"

"குறைவாத் தெரிஞ்சவன் படிக்கிற புள்ள," என்றார் கோட்டைச்சாமி.

"அப்ப என்னையும் சேத்துக்கங்க. நான் ரெண்டாப்போட நின்னவன்."

கோட்டைச்சாமி முதல் நாள் ஒரு வாளியோடு வந்தார். வாளியில் கடல்நீர், அதற்குள் ஒரு மென்பவளம். கத்தரிப்பூ நிறம். ஒவ்வொரு விரலின் நுனியிலும் நூற்றுக்கணக்கான சிறு உயிர்கள் பூப்போல விரிந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கைகள். பார்த்தால் செடி என்றுதான் சொல்வோம். ஆனால் அத்தனை உயிர்களும் சேர்ந்து கட்டிய ஒரே உடம்பு அது. கடல் விசிறியும் அப்படித்தான்.

"மேடம், எதைப் பார்த்து இது இன்னதென்று சொல்வது?"

"நாளைக்குக் காலையில் சொல்கிறேன்," என்ற டாக்டர், பவளத்தை ஆல்கஹால் புட்டியில் இறக்கி மூடினார்.

மறுநாள் காலை புட்டியில் அழுக்கு வெள்ளையாக ஒரு கட்டி கிடந்தது. அவித்து ஆறிய சேப்பங்கிழங்கு போல.

"இது என்ன மேடம்?"

"நேற்று நீங்கள் கொண்டுவந்தது."

"அந்த நிறம்?"

"போய்விட்டது."

"அந்த உருவம்?"

"சுருங்கிவிட்டது."

கோட்டைச்சாமி புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப என்னதான் மிச்சம்?"

டாக்டர் அந்தக் கட்டியில் அரிசியளவு கிள்ளி எடுத்தார். கண்ணாடிச் சில்லில் வைத்து, துணி வெளுக்கும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டார். சதை நுரைத்துக் கரைந்தது. நுண்ணோக்கியின் கீழே வைத்து, கண்ணாடியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தைப் பிடித்தார். அந்தக் காலத்து நுண்ணோக்கிக்கு மின்விளக்கு கிடையாது.

"பாருங்கள்."

கோட்டைச்சாமி குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

சதைக்குள் இருந்த சுண்ணாம்பு முட்கள் அவை. கண்ணுக்குத் தெரியாத அளவு. சில நூல் நூற்கும் கதிர் போலிருக்கும். சில பீமன் கையில் இருக்கும் கதை போல. சிலவற்றின் உடம்பெல்லாம் மொட்டு. எல்லாம் கண்ணாடி போல ஒளி விடும். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு மாதிரி.

"மேடம்," என்றார் கடைசியில். "இருபத்துநாலு வருசமாப் பாடம் நடத்துறேன். இதுக்குள்ள இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"வரையுங்கள்."

"எத்தனை?"

"கை வலிக்கும்வரை."

அன்று மாலைவரை வரைந்தார். போகும்போது ஒன்று கேட்டார்.

"நிறம் ஏமாத்துது. உருவம் ஏமாத்துது. முள்ளு பொய் சொல்லாதா?"

"முள் சொல்லாது. பார்க்கிறவர் சொல்லலாம்."

ஆய்வகத்துக்கு என்று சில வழக்கங்கள் இருந்தன. ஒவ்வொரு புட்டிக்குள்ளும் ஒரு சீட்டு போட வேண்டும். எங்கே எடுத்தது, எத்தனை அடி ஆழம், எந்தத் தேதி, யார் எடுத்தது, என்ன பெயர். பென்சிலால் எழுத வேண்டும். மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். இன்னொன்று, பவளத்தை ஒருபோதும் ஃபார்மலினில் போடக்கூடாது. மீனைப் போடலாம், நண்டைப் போடலாம். ஃபார்மலின் நாள்பட்டால் புளித்துப்போகும். புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும். வெளியே உருவம் அப்படியே இருக்கும், உள்ளே ஒரு முள்கூட இருக்காது. இதை முதல் வாரமே டாக்டர் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

கோட்டைச்சாமி வருவதற்கு மூன்று வருடம் முன்பு, நம்புராஜன் ஒரு தீவின் உட்புறத்தில், நீரோட்டம் அடிக்காத இடத்திலிருந்து மஞ்சளாக ஒரு விசிறியை எடுத்துவந்திருந்தார். விசிறி என்று சொல்வதே தவறு. அது நான்கு பக்கமும் கிளைவிட்டுப் புதர்போல் இருந்தது. அதன் முட்கள் மற்ற விசிறிகளின் முட்களைவிடக் குட்டை. இதுவரை யாரும் எழுதாத இனம் என்று டாக்டர் முடிவுசெய்து பெயர் வைத்தார். எடுத்துவந்தவரின் பெயரையே வைத்தார். இலத்தீன் முறைப்படி அது நம்புராஜனி ஆயிற்று.

பெயர் அச்சான தாளைச் சட்டம் போட்டு நம்புராஜனிடம் கொடுத்தார் டாக்டர். அது அவர் வீட்டில் சாமி படங்களுக்கு நடுவே தொங்கியது. அவர் மனைவி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "என்ன, நம்புராஜனின்னு இருக்கு? பொம்பளப் பேராவுல்ல இருக்கு," என்றாராம்.

"கடலுக்குள்ள அப்பிடித்தான் கூப்புடுவாக. ஒனக்கு என்ன தெரியும்," என்றாராம் இவர்.

டாக்டருக்கும் அந்தப் பெயர் பெரிது. வெளிநாட்டு விஞ்ஞானிகள் அவரை அறிந்துகொண்டது அதனால்தான். அவர்கள் எழுதும் கடிதங்களில் அந்த மஞ்சள் விசிறியை விசாரித்திருப்பார்கள், வீட்டுப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்பதுபோல. டாக்டர் அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, கடிதத்தை மடித்து வைப்பார். அப்போது அவர் முகத்தில் வரும் சிரிப்பை நான் வரைந்து வைத்திருக்கலாம்.

கோட்டைச்சாமியின் நான்காம் வருடம், மே மாத விடுமுறை. அவருடைய பட்டியலில் இருபத்துமூன்று வகைக் கடல் விசிறிகள் சேர்ந்திருந்தன. இருபத்துமூன்றாவது நம்புராஜனி. இரண்டு தீவுகளுக்கு நடுவே, இரண்டாள் ஆழத்தில், அவர் மூழ்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்புராஜன் மேலே படகில் இருந்தார்.

அங்கே ஒரு பெரிய கல். கல்லின் விளிம்பில் ஒரு விசிறி முளைத்திருந்தது. ஓட்டம் அடிக்கும் பக்கம் அது சிவப்பாக, தட்டையாக, கையை விரித்ததுபோல் நின்றது. அந்தச் சிவப்பு விசிறிக்கு நூறு வருடம் முன்பே யாரோ பெயர் வைத்துவிட்டார்கள். அதே தண்டிலிருந்து, கல்லின் மறைவில், ஒரு மஞ்சள் புதர் கிளைத்திருந்தது. நம்புராஜனி.

ஒரே தண்டு. நடுவில் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து மஞ்சளாகியிருந்தது.

மூச்சு முட்டி மேலே வந்தார். மறுபடி போனார். இரண்டும் சேரும் இடத்தில் கையகலம் மட்டும் வெட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்தில் யாருமில்லை. தனியாக உட்கார்ந்து பார்த்தார். ஒரு முனையில் நீள முட்கள். மறுமுனையில் குட்டை முட்கள். நடுவில் இரண்டும், இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லா அளவும். ஓட்டத்தில் நின்றால் விசிறி, மறைவில் நின்றால் புதர். இருந்தது ஓர் இனம்தான்.

பட்டியலில் இருபத்துமூன்று இல்லை, இருபத்திரண்டு. அதை எழுதினால் டாக்டர் வைத்த பெயர் தவறாகிவிடும். உலகம் அறிந்த ஒரே பெயர். சாமி படங்களுக்கு நடுவே தொங்கும் பெயர்.

அவர் கண்ணாடிச் சில்லைக் கழுவித் துடைத்து வைத்தார். மீன்களுக்காக மூலையில் பழைய ஃபார்மலின் டின் ஒன்று இருந்தது. அந்தக் கையகலக் கிளையை ஒரு புட்டியில் போட்டு, டின்னைச் சாய்த்தார். அலமாரியின் கீழ்த்தட்டில், மீன் புட்டிகளுக்குப் பின்னால் தள்ளினார். இதெல்லாம் பிறகு அவரே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அதன்பின் ஐந்து மாதம் அவர் அதிகம் பேசவில்லை. நம்புராஜன் கேலி செய்தால் சிரிப்பதுமில்லை.

"வாத்தியாருக்குப் பரிச்சப் பயம் வந்துருச்சு," என்றார் நம்புராஜன்.

புரட்டாசி முடிவில் ஆய்வேட்டின் கையெழுத்துப்படியை டாக்டரின் மேசைமேல் வைத்தார் கோட்டைச்சாமி. டாக்டர் கையெழுத்துப் போட்டால் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும்.

"மழைக்கு முன்னால் புட்டி நிரப்பும் வேலை முடியட்டும் சார். பிறகு படித்துவிட்டுப் போடுகிறேன்."

வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் புட்டிகளையும் திறந்து, ஆவியாகிக் குறைந்த ஆல்கஹாலை நிரப்புவோம். நான் புனலைப் பிடிப்பேன். டாக்டர் ஊற்றுவார். கோட்டைச்சாமி மூடியில் மெழுகு தடவி மூடுவார். அந்தச் சனிக்கிழமை கீழ்த்தட்டுக்கு வந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்.

"இதெல்லாம் மீன், மேடம். நான் பாத்துக்கிறேன்."

"மீனுக்கும் குறைந்திருக்கும் சார்," என்று டாக்டர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தார். பின்வரிசையில் ஒரு புட்டியைத் திறந்ததும் எங்கள் மூவருக்கும் கண் எரிந்தது. உள்ளே மீன் இல்லை. ஒரு சிறு கிளை. பாதி தட்டை, பாதி புதர்.

டாக்டர் இடுக்கியால் சீட்டை வெளியே எடுத்தார். கோட்டைச்சாமியின் கையெழுத்து. இரண்டு தீவுகளின் பெயர். பன்னிரண்டு அடி. மே மாதத் தேதி. எடுத்தது கோட்டைச்சாமி. 'ஒரே தண்டு, ஓட்டத்தில் சிவப்பு, மறைவில் மஞ்சள்.' பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து, அந்தக் கிளையில் அரிசியளவு கிள்ளி, கண்ணாடிச் சில்லில் வைத்து, ஒரு சொட்டு விட்டு, ஜன்னலோரம் போனார். பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"சார், வந்து பாருங்கள். என்ன தெரிகிறது?"

கோட்டைச்சாமி குனிந்தார். வெறும் வெளிச்ச வட்டம்.

"ஒண்ணும் தெரியல மேடம்."

"ஒன்றுமே இல்லாத ஓர் உயிர். இதற்கு என்ன பெயர் வைக்கலாம்?"

கோட்டைச்சாமி நுண்ணோக்கியை விட்டு விலகி நின்றார்.

"ஃபார்மலின் முள்ளைத் தின்னும் என்று உங்களுக்கு எப்போது சொன்னேன்?"

"முதல் வாரம்."

"இதை எப்போது போட்டீர்கள்?"

"நாலாம் வருசம்."

"அப்படியானால் மறதி இல்லை."

"இல்ல மேடம்."

நான் புனலைக் கையில் பிடித்தபடியே நின்றேன். வெளியே காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. கோட்டைச்சாமி எல்லாவற்றையும் சொன்னார். கல், தண்டு, நடுவில் கலந்திருந்த முட்கள், கழுவிய கண்ணாடிச் சில்லு. சொல்லி முடித்தபோது நாற்பது பிள்ளைகளை அதட்டி அடக்கும் அந்த மனிதர், தண்டனைக்கு நிற்கும் பிள்ளையாக இருந்தார்.

"உங்க பேருக்கு ஒரு சொல் வந்துறக் கூடாதுன்னு செஞ்சேன் மேடம். எனக்குன்னு எதுவும் இல்ல. நீங்க கண் திறந்துவிட்டீங்க. அந்தக் கண்ண வச்சு உங்க தப்பையே நான் பாக்கிறதா?"

டாக்டர் சீட்டை அவர் முன் நீட்டினார்.

"இவ்வளவு செய்தவர் இதில் ஏன் பொய் எழுதவில்லை? ஏதாவது ஒரு மீன் பெயரைப் போட்டிருந்தால் நான் திறந்தேயிருக்க மாட்டேனே."

"எழுதத்தான் உக்காந்தேன். கை வரல."

"கை ஒழுங்காகப் படித்திருக்கிறது," என்றார் டாக்டர். "மீதி எங்கே?"

"கடல்ல. கையகலம்தான் வெட்டினேன்."

"நாளைக்குப் போவோம்."

"நம்புராஜனுக்கு என்ன சொல்றது?"

"அவர் படகில்தான் போகவேண்டும் சார். வழியில் அவரே கேட்பார்."

நம்புராஜன் வழியில் எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. கோட்டைச்சாமி தீவுகளைக் கணக்கு வைத்துக் கையைக் காட்டினார். நங்கூரம் போட்டார்கள். டாக்டர் பின்னலைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுடிதாரோடு தண்ணீரில் இறங்கினார். நாகர்கோவில் குளங்களில் நீச்சல் படித்தவர். அவர் மூழ்கினால் மேலே ஒரு குமிழிகூட வராது.

நான் படகின் ஓரத்தில் கவிழ்ந்து பார்த்தேன். தண்ணீர் அவ்வளவு தெளிவு. அவர் அந்தக் கல்லைச் சுற்றி ஒருமுறை போனார். ஓட்டத்தின் பக்கம் நின்றார். மறைவின் பக்கம் நின்றார். விரலால் தண்டைத் தொட்டு, சிவப்பிலிருந்து மஞ்சள்வரை தடவிக்கொண்டே போனார். கண் தெரியாதவர்கள் ஒரு முகத்தைத் தடவி அறிவார்களே, அப்படி. மூச்சுக்காக மேலே வந்து, திரும்பப் போனார். ஐந்து முறை, ஆறு முறை. தன் தவறை இத்தனை அன்போடு ஒருவர் பார்த்து நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

கடைசியாக மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினார். கையில் ஒரு விரல் நீளக் கிளை.

நம்புராஜன் குனிந்து பார்த்தார்.

"இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்? இது ரெண்டும் ஒண்ணுதான டாக்டரம்மா."

கோட்டைச்சாமி பலகையிலிருந்து எழுந்துவிட்டார். "என்னய்யா சொல்ற? உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? வியாவாரிக்கு விசிறி வெட்டி வெட்டிக் கை காச்சுப்போனவன் நான். ஓட்டத்துல நின்னா விரியும். மறைவுல நின்னா பொதராக் கெடக்கும். மஞ்சளா இருந்தா வியாவாரி வேணாம்பான்."

"இத ஏன் முதல்லயே சொல்லல?"

"யாரு கேட்டீக? நான் கொண்டாந்து குடுத்தேன். அம்மா சந்தோசப்பட்டாக. அப்பறம் பாத்தா எம் பேர வச்சுட்டாக." நம்புராஜன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "பேரு வச்சதுக்கப்பறம் எந்த வாயால சொல்றது வாத்தியாரே? நீங்க சொல்லுவீகளா?"

கோட்டைச்சாமி உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். விளிம்பைப் பிடித்த கை நழுவி, மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி, மறுபடி சிரித்தார்.

"ஆக, எனக்கு மட்டும்தான் தெரியாது."

அவரைத் தூக்கிப் படகில் உட்காரவைத்தோம். துண்டைப் போர்த்திக்கொண்டார். சிரிப்பு அடங்கிய பிறகு நம்புராஜன் கேட்டார். இப்போது அவர் குரலில் கேலி இல்லை.

"அப்ப எம் பேரு போயிருமா அம்மா?"

"விசிறியிலிருந்து போய்விடும். பழைய பெயர்தான் அதற்கு."

"எம் மக பள்ளிக்கூடத்துல எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கா."

டாக்டர் ஈரக் கையால் பலகையில் எழுதிக் காட்டினார். மேலே ஒரு நீளக் கோடு. அதன் கீழே உள்ளே தள்ளி ஒரு சின்னக் கோடு.

"மேலே இருப்பது பழைய பெயர். கீழே சின்ன எழுத்தில் உங்கள் பெயர் இருக்கும். ஒருமுறை அச்சான பெயரை யாராலும் அழிக்க முடியாது. இந்த விசிறியைப் பற்றி இனிமேல் யார் எழுதினாலும் அதையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும்."

"என்னன்னு எழுதுவாக?"

"இப்படி ஒரு பெயர் வைத்தார்கள், அது தவறு என்று."

"தப்புன்னு சொல்லியா எம் பேரு நிக்கணும்?"

"உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பெயர் வைத்தவருடைய பெயரையும் போடுவார்கள். அதுதான் முறை. நம்புராஜனி, ஹெப்சிபா. இரண்டும் சேர்ந்தே இருக்கும்."

நம்புராஜன் கொஞ்ச நேரம் பலகையில் காய்ந்துகொண்டிருந்த கோடுகளைப் பார்த்தார்.

"அப்பச் சரி. தொணைக்கு ஆள் இருக்குல்ல," என்று நங்கூரக் கயிற்றை இழுக்க எழுந்தார்.

ஆய்வகத்துக்கு வந்ததும் டாக்டர் உடை மாற்றினார். ஈரத் தலையோடு உட்கார்ந்துவிட்டார். கிளையை மூன்று இடங்களில் கிள்ளி, மூன்று கண்ணாடிச் சில்லுகள் செய்தார். மீதியை ஆல்கஹாலில் இட்டார். புதிய சீட்டு ஒன்றை எடுத்துக் கோட்டைச்சாமியிடம் நீட்டினார்.

"எழுதுங்கள் சார். பெயரும் போடுங்கள்."

"நீங்க போடுங்க மேடம். இந்தக் கட்டுரையும் நீங்களே எழுதிருங்க. அதான் மரியாதை."

"கண்டவர் எழுதவேண்டும்."

"என் குரு தப்புப் பண்ணிட்டாங்கன்னு நான் எப்படி எழுதுவேன்?"

"முதலில் பென்சிலால் எழுதுங்கள். பழகிவிடும்."

கோட்டைச்சாமி பென்சிலைச் சீவினார். அவ்வளவு கூர் தேவையில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சீவிக்கொண்டே இருந்தார். பிறகு அந்தச் சின்னச் சீட்டில், நூறு வருடத்துப் பழைய பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். புட்டியில் போட்டார். சீட்டு ஒருமுறை சுழன்று, கிளையின் மேல் சாய்ந்து நின்றது.

மேசையில் இருந்த கையெழுத்துப்படியை எடுத்து, இருபத்துமூன்றாவது விசிறியின் பக்கத்தைத் தேடி, குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அதற்குள் டாக்டர் நுண்ணோக்கியில் குனிந்துவிட்டார். நடுப்பகுதியின் சில்லு. நீள முட்களும் குட்டை முட்களும் கலந்தது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. அவர் நிமிரவில்லை. ஒருமுறை மட்டும், "அடேயப்பா," என்றார். எங்களிடம் சொன்னதல்ல.

கோட்டைச்சாமி அவர் பக்கத்தில் போய் நின்றார். நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"மேடம்."

"ம்."

"ஏழு வருசம். உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

டாக்டர் கண்ணை எடுக்கவில்லை.

"பெயர் வைக்கும்வரை இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் சார். வைத்த பிறகு ஏழு வருடமாகப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் மறுபடியும் இதைப் பார்க்கிறேன். கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கள், வெளிச்சம் மறைகிறது."

கோட்டைச்சாமி நகர்ந்து நின்றார்.

அடுத்த வருடம், தம் ஐம்பத்திரண்டாம் வயதில், அவருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அதே பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தினார்.